எழுதிய துணிக்கு எத்தனை கையெழுத்து?

கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். கேட்டவர் ஓவியம் படித்தவர், சென்னைக்காரர். அடுத்த ஆண்டு மூன்று மாதம் இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் யோக்யகர்த்தாவில் தங்கப் போகிறார். அங்கே பாத்திக் (துணியில் மெழுகால் எழுதி, மெழுகில்லாத இடத்தில் சாயம் ஏற்றும் கலை) செய்யும் பெண்களோடு சேர்ந்து பத்துப் பன்னிரண்டு துணிகள் செய்து, ஊருக்குக் கொண்டு வந்து காட்சி வைக்க வேண்டும் என்று திட்டம். கேட்டிருப்பது நான்கு: யாரைப் போய்ப் பார்ப்பது, எவ்வளவு கொடுப்பது, ஒப்பந்தம் வேண்டுமா, விமான நிலையத்தில் சுங்கக்காரர்களிடம் என்ன சொல்வது.

நான்காவதற்குப் பதில் கடைசியில் வரும். அதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஐந்தாவது கேள்வி ஒன்று இருக்கிறது. காட்சியில் துணிக்குப் பக்கத்தில் ஒட்டுவோமே சின்ன அட்டை, அதில் யார் யார் பெயர் இருக்கும்? இந்த வேலையில் நான் பார்த்த மனத்தாங்கல்களில் முக்கால்வாசி அந்த அட்டையில்தான் தொடங்கியிருக்கிறது. என்னுடையதும் சேர்த்து.

முதலில் வேறு ஒருவர் கதை. இத்தாலியின் டுரின் நகரத்தில் 1940இல் பிறந்த கலைஞர் அலிகியேரோ போயெட்டி, 1971இல் முதன்முறையாகக் காபூலுக்குப் போனார். ஊர் பிடித்துப்போயிற்று. எவ்வளவு பிடித்ததென்றால், குலாம் தஸ்தகீர் என்பவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அங்கே ஒரு சின்ன ஹோட்டலே நடத்தினார். ஒன் ஹோட்டல் என்று பெயர். அந்தச் சமயத்தில் தொடங்கியதுதான் அவருடைய உலக வரைபட வரிசை. ஒரு பெரிய துணியில் உலகப் படம். ஒவ்வொரு நாட்டின் எல்லைக்குள்ளும் அந்த நாட்டின் கொடி நிறைந்திருக்கும். இவர் தரப்பில் கோடு போட்டுத் துணியை அனுப்புவார்கள், ஆப்கன் பெண்கள் பூத்தையல் போட்டு நிரப்புவார்கள். ஒரு துணிக்கு மாதக்கணக்கில், பெரியவற்றுக்கு வருடக்கணக்கில் ஆகும். 1979 டிசம்பரில் சோவியத் படை உள்ளே வந்ததும் வேலை நின்றுபோனது. பிறகு பாகிஸ்தானின் பெஷாவரில் அகதிகளாக இருந்த ஆப்கன் பெண்கள் அதைத் தொடர்ந்தார்கள். 1994இல் போயெட்டி இறக்கும்வரை ஏறத்தாழ 150 வரைபடங்கள் வந்தன. அவற்றை வரிசையாகப் பார்த்தால் கொடிகள் மாறுவதும் நாடுகள் உடைவதும் தெரியும். தொடக்க காலத் துணிகளில் நமீபியா இருக்கும் இடம் வெறுமையாகக் கிடக்கும். அந்த நாடு விடுதலையானது 1990இல்.

இதில் நமக்கு வேண்டிய இடம் கடல். 1970களின் இறுதியில் வந்த ஒரு வரைபடத்தில் கடல் முழுக்க இளஞ்சிவப்பு. போயெட்டி அப்படிச் சொல்லவில்லை. தைத்தவர்களிடம் அந்த நிற நூல் நிறைய இருந்தது, போட்டுவிட்டார்கள். ஆப்கானிஸ்தானுக்குக் கடற்கரையே கிடையாது. கடல் என்றால் நீலம் என்பது நமக்குத்தான் கண்ணை மூடிக்கொண்டு வரும் பதில். கடலைப் பார்க்காதவருக்கு அது துணியில் மீந்திருக்கும் இடம். துணி வந்து சேர்ந்தபோது போயெட்டி திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அதற்குப் பிறகு கடலின் நிறத்தைத் தைப்பவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். இன்று அந்த வரிசையைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அந்தக் கடலைத்தான்.

சரி, இதுவரை அவர் பெருமை. இனி மறுபக்கம். அந்தப் பெண்களை அவர் நேரில் பார்த்ததே இல்லை என்றே சொல்லலாம். ஊர் வழக்கப்படி வெளி ஆண் உள்ளே போக முடியாது. துணியும் பணமும் இடையிலிருந்த ஆண்கள் வழியாகப் போய் வந்தன. பின்னாளில், பெஷாவரில் அவர்கள் வேலை செய்வதைப் படம் எடுக்க 1990இல் ஒரு பெண் புகைப்படக்காரரைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், போயெட்டி தன் பெயரின் நடுவே ‘உம்’ போட்டு, அலிகியேரோவும் போயெட்டியும் என்று இரண்டு ஆட்களைப் போலக் கையெழுத்திட்டவர். அந்த ‘உம்’மில் மூன்றாவதாக ஒரு ஆப்கன் பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த வரைபடங்கள் இன்று ஏலத்தில் கோடிக்கணக்கான ரூபாய்க்குப் போகின்றன. எந்தத் துணியை எந்த வீட்டில் யார் தைத்தார்கள் என்பது போய்விட்டது.

முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்த அளவில் அவரைப் பின்பற்றுங்கள், பெயர் விஷயத்தில் பின்பற்றாதீர்கள். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது உண்மையில் இவ்வளவுதான். மீதியெல்லாம் இதை எப்படிச் செய்வது என்கிற விவரம்.

யாரைப் பார்ப்பது? நகரத்துக்குள் நல்ல பாத்திக் கூடங்கள் உண்டு. 1988இல் தொடங்கிய செமெத்தி போன்ற கலை அமைப்புகள், வெளியூர்க் கலைஞர்கள் தங்கி வேலை செய்ய இடம் கொடுத்து வந்திருக்கின்றன. இப்படி ஒரு அமைப்பின் அழைப்போடு போவதுதான் விசாவுக்கும் நல்லது. சுற்றுலா விசாவில் போய் உட்கார்ந்து வேலை செய்வது பிற்பாடு தலைவலி. மூன்று மாதத்தை நீட்டிக்க முடியும் என்றால் இந்தோனேசிய அரசின் தர்மாசிஸ்வா உதவித்தொகையைப் பாருங்கள். வெளிநாட்டவர் அங்கே மொழியும் கலையும் படிக்க 1974 முதல் கொடுத்து வருகிறார்கள். பெயரைப் பார்த்தாலே நம்மவர் போல இருக்கிறதே என்று தோன்றும், சமஸ்கிருதம்தான்.

ஆனால் உங்கள் திட்டத்துக்கு நான் சொல்வது நகரத்துக்குத் தெற்கே இமோகிரி பக்கம் இருக்கும் கிரிலோயோ. மாதாராம் அரச குடும்பத்தின் கல்லறைகள் இருக்கும் மலையடிவாரம். அரண்மனைக்காகத் துணி எழுதிய பரம்பரை. அங்கே நீண்ட காலம் நடந்தது என்னவென்றால், பெண்கள் மெழுகு எழுதுவதோடு சரி. சாயம் போடாத அரைகுறைத் துணியை நகரத்து வியாபாரிகள் கூலி கொடுத்து வாங்கிப் போவார்கள். சாயம் தோய்த்து, மெழுகு நீக்கி, தங்கள் கடைப் பெயரில் விற்பார்கள். 2006 மே 27 அன்று அந்தப் பகுதியை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்த உதவிகளின் வழியாக இந்தப் பெண்கள் சாயம் தோய்ப்பதைக் கற்றார்கள், குழுக்களாகச் சேர்ந்தார்கள், துணியைத் தங்கள் பெயரிலேயே விற்கத் தொடங்கினார்கள். அரைகுறைத் துணியை வாங்கிப் போய்த் தன் பெயர் போட்டுக்கொள்ளும் ஆளை அவர்கள் ஏற்கெனவே பார்த்தவர்கள். நீங்கள் எந்த வகை என்பது இரண்டாம் நாளே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது என் கதை.

கிரிலோயோ அல்ல, அந்தப் பகுதியிலேயே வேறு ஒரு ஊர். என்னோடு வேலை செய்தவருக்கு அறுபது வயதிருக்கும். அங்கே வயதில் மூத்த பெண்களை இபு என்பார்கள். அம்மா என்று அர்த்தம், கூப்பிடும்போது வெறும் ‘பு’. மூங்கில் சட்டத்தில் வெள்ளைத் துணி தொங்கும். தாழ்ந்த முக்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் சின்ன அடுப்பு, அதன்மேல் கைக்கடக்கமான வாணலியில் உருகிய மெழுகு. சாந்திங் என்பது செம்பாலான குட்டிக் கிண்ணம். ஒரு பக்கம் கொக்கின் அலகு போல மூக்கு, பிடிக்க மூங்கிலோ மரமோ. மெழுகில் முக்கி எடுப்பார், மூக்கின் வழியே ‘ஃபூ’ என்று மெதுவாக ஊதுவார், அடைப்பு போகும். இடது உள்ளங்கையைத் துணிக்குப் பின்னால் தாங்கிக்கொண்டு கோடு இழுப்பார். மெழுகு போதிய சூட்டில் இல்லையென்றால் துணியின் மறுபக்கம் இறங்காது. சூடு அதிகமானால் பரவிவிடும். சொட்டு விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. இந்த வகைக்கு அவர்கள் சொல்லும் பெயர் பாத்திக் துலிஸ். துலிஸ் என்றால் எழுதுவது. நாமும் சித்திரம் எழுதுவது என்றுதானே சொல்லி வந்திருக்கிறோம்? அந்தச் சொல் ஒத்துப்போனதில் எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. செம்பு அச்சில் குத்தும் வகைக்கு சாப் என்று பெயர். நம் ஊர் சாப்பாவுக்குச் சொந்தக்காரச் சொல்.

நான் கொண்டு போனது சிக்குக் கோலம். துணியில் பென்சிலால் புள்ளி வைத்து, கோடு இழுத்துக் கொடுத்தேன். கோட்டுக்கு மட்டும் மெழுகு, மற்ற இடமெல்லாம் வெறும் அவுரி நீலம். இரவு வாசலில் கோலம் போட்ட மாதிரி வர வேண்டும் என்று கணக்கு. வேறு வேலையாக நான்கு நாள் நகரத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். கோட்டுக்கு வெளியே இருந்த இடம் முழுவதும் கடுகு போல மெழுகுப் புள்ளிகள். சாயம் போட்டால் அத்தனையும் வெள்ளையாக நிற்கும். என் நீல இரவு போயிற்று.

முகம் சுருங்கியதை மறைக்க முடியவில்லை. இபு சாந்திங்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “கோசோங்.” காலியாக இருந்தது என்று பொருள். ஜாவா பாத்திக்கில் பெரிய வடிவத்தை எழுதிய பிறகு உள்ளும் புறமும் நுணுக்கமாக நிரப்புவார்கள். இசென்-இசென் என்று அதற்குப் பெயர். நிரப்பாமல் விட்ட துணி வேலை முடியாத துணி. அதை என்னிடம் கொடுப்பதற்கு அவருக்கு வெட்கம். அத்தோடு நிறுத்தவில்லை, என் பென்சில் கோலத்தைக் காட்டி, “புள்ளியை ஆரம்பித்தது நீதானே?” என்றார். நான் கோலத்துக்காக வைத்த புள்ளிகளைத்தான் அவர் வெளியே வெளியே நீட்டிக்கொண்டு போயிருந்தார்.

சென்னையில் காட்சி வைத்தபோது வந்தவர்கள் நின்று பார்த்தது அந்த ஒரு துணியைத்தான். நான் சொன்னபடியே வந்த மற்ற துணிகளில் என் கோலம் இருந்தது, அவ்வளவே. இதில் நான் செய்த தவறு என்ன? அட்டையில் ‘கருத்து, வடிவம்’ என்று என் பெயரைப் போட்டு, கீழே ‘செய்கை: யோக்யகர்த்தா பாத்திக் பெண்கள்’ என்று எழுதினேன். அப்போது அது பெருந்தன்மை என்றே நினைத்தேன், வெட்கக்கேடு. சில வாரம் கழித்து இபுவின் அக்கா மகன் போனில் படங்களைப் பார்த்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினான். சித்தி கேட்கிறார்: அந்தப் புள்ளிகள் யார் போட்டது என்று எழுதியிருக்கிறதா?

பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

அதனால் இப்போது நான் செய்வது இப்படி. போன முதல் வாரமே, பணம் பேசுவதற்கும் முன்னால், வெற்று அட்டை ஒன்றை மேசைமேல் வைத்து எல்லோரும் உட்கார்ந்து எழுதிவிடுவோம். கோடு வரைந்தது யார், மெழுகு எழுதியது யார், நிரப்பியது யார், சாயம் யார். பாத்திக் ஒரு கை வேலை கிடையாது; ஒரு துணி நான்கு பேரிடம் போய் வரும். துணி முடிந்ததும் அந்த அட்டையைத் திருத்துவோம், ஏனென்றால் நடுவில் ஆள் மாறியிருக்கும். சிலர் பெயர் வேண்டாம் என்பார்கள், அதுவும் நடக்கும். விட்டுவிடுங்கள். ஆனால் கேட்டுவிட்டு விடுங்கள்.

பணம். நாள் கூலி பேசாதீர்கள். நாள் கணக்குப் பார்த்து நீங்கள் அவசரப்படுத்துவீர்கள், புள்ளி குறையும். நுணுக்கமான ஒரு துலிஸ் துணி இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். உங்கள் மூன்று மாதத்தில் பன்னிரண்டு துணி என்பது பத்துப் பேர் கூடி வேலை செய்தால்தான் நடக்கும். நான்கு துணி போதும் என்று திட்டத்தைச் சுருக்குங்கள். துணிக்கு இவ்வளவு என்று முழு விலை பேசி, பாதியை முன்பணமாகக் கொடுங்கள். காட்சியில் விற்றால் அதற்கு மேல் பங்கு. நான் சரிபாதி வைத்துக்கொள்கிறேன். காட்சிக்கூடத்தின் கமிஷன் போக மீதியில் சரிபாதி. இதைவிடக் குறைத்துப் பேசி ஒப்புக்கொள்ள வைக்க முடியும், முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை. விற்காமல் போன துணி யாருக்கு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரும் மறக்கும் இடம் அது.

ஒப்பந்தம் கட்டாயம் வேண்டும். இந்தோனேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும், இரண்டு பக்கத்துக்கு மிகாமல். அங்கே 2014ஆம் ஆண்டின் 28ஆம் எண் சட்டம் பாத்திக் கலையைப் பதிப்புரிமை உள்ள படைப்புகளில் ஒன்றாகப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அதாவது புதிதாக ஒரு வடிவம் எழுதிய இபுவும் சட்டப்படி ஆசிரியர். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், இருவர் சேர்ந்து செய்து, ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரிக்க முடியாதபடி இருந்தால் அது கூட்டுப் படைப்பு. உங்கள் கோலமும் அவர் புள்ளியும் ஏறத்தாழ அந்த நிலைதான். உரிமையை எழுதிக் கொடுத்தால்தான் அது கைமாறும். எழுதும்போது காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் பிரிவு 19 எடுத்துக்கொள்ளும். இன்னொன்று பிரிவு 57: உரிமையை விற்றுவிட்டாலும், இது என் படைப்பு என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும். என் ‘செய்கை’ அட்டை இந்தப் பிரிவுக்கு முன்னால் நின்றிருக்குமா என்று ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். சிரித்தார்.

காட்சி நன்றாகப் போனால் அடுத்த வாரமே யாராவது வருவார்கள்: இதை ஸ்டோலில் டிஜிட்டல் பிரின்ட் போடலாமே, குஷன் கவர் போடலாமே. வாய் நுனிவரை சரி என்று வரும். அந்த இடத்தில் இந்த வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிக் கலைஞர்களின் ஓவியங்கள் ஒரு தேசியக் கலைக்கூடம் போட்ட தொகுப்பில் அச்சாகியிருந்தன. பெர்த் நகர நிறுவனம் ஒன்று அவற்றை வியட்நாமில் கம்பளமாக நெய்து இறக்குமதி செய்தது. கலைஞர்களைக் கேட்கவில்லை. அதில் பண்டுக் மரிக்கா என்ற ஓவியரின் படைப்பு, அவர் குலத்தின் புனித நீர்நிலை பற்றியது. அதை மற்றவர்கள் முறையில்லாமல் பயன்படுத்தினால் குலத்தார் முன் பதில் சொல்ல வேண்டியவர் அவர். புனித நீர்நிலை கால் மிதிக்கும் கம்பளமாக வந்து நின்றது. 1994இல் கூட்டாட்சி நீதிமன்றம் கலைஞர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இழப்பீடு 1,88,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்காமல் மொத்தமாகக் கொடுத்து, தங்கள் வழக்கப்படி பகிர்ந்துகொள்ள வழிவிட்டது என்பதுதான் அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம். வழக்கில் இருந்த எட்டுப் பேரில் சிலர் அதற்குள் இறந்திருந்தார்கள். ஆக, துணியைக் காட்சிக்கு வைக்கும் அனுமதியும் அதைப் பிரின்ட் போடும் அனுமதியும் வேறு வேறு. தனித்தனியாக எழுதுங்கள்.

ஜாவாவிலும் சில வடிவங்களுக்கு இப்படி ஒரு கனம் உண்டு. பாரங் என்று சாய்ந்த கத்தி போல ஓடும் ஒரு வடிவம். ஒரு காலத்தில் யோக்யகர்த்தா, சுராகர்த்தா அரண்மனையார் தவிர வேறு யாரும் உடுத்தக் கூடாது. இன்று கடையில் கிடைக்கிறது, உடுத்துகிறார்கள். ஆனாலும் கல்யாணத்துக்குப் பாரங் ஆகாது என்பார்கள், குடும்பத்தில் சண்டை வருமாம். கல்யாணத்துக்கு சிடோமுக்தி என்ற வேறு வடிவம். இதெல்லாம் தெரியாமல் பாரங்கையும் நம் தாலி வடிவத்தையும் சேர்த்து எழுதித் தரச் சொன்னவர் ஒருவரை எனக்குத் தெரியும். இபுமார்கள் மறுத்துச் சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் பண்பாடு. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். அவருக்குக் கடைசிவரை காரணம் புரியவில்லை. ஜாவாவில் ‘ஆமாம்’ மூன்று முறை தாமதமானால் அது ‘இல்லை’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சுங்கம். விற்கக் கொண்டு வருவதைச் சொந்தத் துணிமணி என்று பெட்டியில் திணித்து வராதீர்கள். நான்கு பெரிய துணியும் ஒரு காட்சி அழைப்பிதழும் ஒரே பெட்டியில் இருந்தால் யாருக்கும் கணக்குப் புரியும். இரண்டு வழி. காட்டிவிட்டுத் திருப்பி அனுப்புவதாக இருந்தால் ஏடிஏ கார்னே என்ற தற்காலிக அனுமதிப் புத்தகம், அதிகபட்சம் ஓராண்டு செல்லும். இந்தியாவில் இதைப் பார்ப்பது ஃபிக்கி என்ற வணிகக் கூட்டமைப்பு. சாமான் இந்தோனேசியாவிலிருந்து கிளம்புவதால் புத்தகத்தை அங்கேதான் வாங்க வேண்டும். கார்னேயில் வந்ததை இங்கே விற்கக் கூடாது. விற்பதாக இருந்தால் முறையான இறக்குமதி: ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், விலைப்பட்டியல், வரி. இந்தோனேசியா உள்ளிட்ட ஆசியான் நாடுகளோடு நமக்கு 2010 முதல் வணிக ஒப்பந்தம் இருப்பதால், ஃபார்ம் ஏஐ என்ற உற்பத்திச் சான்றிதழைக் குழுவின் வழியாக அங்கேயே வாங்கிவிட்டால் வரி குறைய வாய்ப்புண்டு.

ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சுங்கப் பட்டியலில் 97ஆம் அத்தியாயம் கலைப் படைப்புகளுக்கு. கையால் முழுக்க வரைந்த ஓவியம் அதில் சேரும். ஆனால் கையால் அலங்கரித்த உற்பத்திப் பொருள் சேராது என்று அதே வரியிலேயே எழுதியிருக்கிறது. அதனால் மூன்று மாதம் எழுதிய துணி, மேசை விரிப்போடு ஜவுளி அத்தியாயத்தில் போய் உட்காரும் வாய்ப்பே அதிகம். கலையா கைவினையா என்று நாம் கருத்தரங்கம் வைத்துப் பேசுவதை ஒரு அதிகாரி முத்திரை குத்தி முடித்துவிடுவார். அவரோடு வாதாட வேண்டாம். நல்ல கிளியரிங் ஏஜென்டைத் துணி கிளம்புவதற்கு முன்பே பிடித்து, எந்தத் தலைப்பில் காட்டுவது என்று கேட்டு வையுங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

துணியை மடிக்காதீர்கள், குழாயில் சுற்றுங்கள். அமிலமில்லாத தாள் இடையில். மெழுகு முழுக்கப் போயிருக்கிறதா என்று கொதிநீர் வேலை முடிந்ததும் விரலால் தடவிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் சென்னை மே மாதத்தில் அது தாளில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் சுருட்டி வைத்தால் பூசணம்.

இங்கே வந்த பிறகு என்ன சொல்லிக் காட்டுவது என்பதும் ஒரு கேள்விதான். ‘ஜாவாவின் மாயத் துணிகள்’ என்கிற மாதிரித் தலைப்பு வைக்காதீர்கள், தயவுசெய்து. நமக்கு அந்த ஊர் அவ்வளவு அந்நியம் இல்லை. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் கட்டம் போட்ட கைலிக்குப் பெயரே பெலிகாட். நம் பழவேற்காட்டுத் துறைமுகத்தின் பெயர்தான் அப்படி ஆனது. பாத்திக்கும் சென்னைக்குப் புதிது கிடையாது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தொடங்கியபோது, அங்கிருந்த ஓவியர்களுக்குப் படம் விற்றுப் பிழைப்பு நடக்கவில்லை. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் கிராமத்தை நிறுத்தினார்கள். உங்கள் காட்சிக்கு இதைவிட நல்ல முன்னுரை கிடைக்காது.

முடிந்தால் இபுமார்களில் ஒருவரையாவது காட்சிக்கு அழைத்து வாருங்கள். துணி மட்டும் வந்து போவது ஒருவழிப் பாதை. அவரைக் காட்சிக்கூடத்தில் உட்கார வைத்து ‘டெமோ’ காட்டச் சொல்வதோடு நிறுத்தாமல், கும்பகோணம் பக்கம் கருப்பூர்க் கலம்காரி செய்பவர்களிடம் கூட்டிப் போங்கள். 2021இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அங்கே துணியில் எழுதுவது மூங்கில் குச்சி, இவரிடம் செம்பு மூக்கு. மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே ஒரு மணி நேரம் பேசிக்கொள்வார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இருவரும் மாறி மாறி மற்றவர் கருவியை ஊதிப் பார்த்தார்கள்.

கடைசியாக, அட்டையை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் போனில் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பி, பெயர் எழுத்து சரியா என்று கேளுங்கள். ஜாவாக்காரர்கள் பலருக்கு ஒற்றைப் பெயர்தான், அப்பா பெயரும் கிடையாது குடும்பப் பெயரும் கிடையாது. என் இரண்டாவது காட்சியில் அட்டை அடித்துக் கொடுத்த பையன், நான்கு பெயருக்கும் இனிஷியல் விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, ஆளுக்கு ஒரு ‘இ.’ சேர்த்துவிட்டான். இபு என்பதன் முதல் எழுத்தாம். திறப்பு விழாவுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது பார்த்தேன். பிளேடால் நான்கு ‘இ.’யையும் சுரண்டி எடுத்தோம். உங்கள் அச்சகத்திலும் கேட்பார்கள். இனிஷியல் இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள்.